வராத கப்பலுக்கு இடம் கேட்டவர்



'இருபதாம் நூற்றாண்டுப் போர்களில் வீரமும் வியூகமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். வெர்தூன், ஸ்டாலின்கிராட், தியன் பியன் பூ என்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். ஒரு மணி நேரத்தில் சுற்றினால் எதையும் பார்த்ததாகாது. இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை துறைமுகத் தொழிலாளி ஒருவர் பெயரில் அமைந்தது. அதனால் துறைமுகத்தை விட்டு அதிகம் நகராமல் பேசுகிறேன்.

இரண்டு கப்பல்களின் கதை. ஒன்று சொல்லாமல் வந்தது. நூறு வருடம் கழிந்தும் ஊர் அதைப் பேசுகிறது. இன்னொன்று வருவதாகச் சொல்லிவிட்டு வராமலே போனது. அதை யாரும் பேசுவதில்லை. இரண்டாவதுதான் பெரிய கதை என்பது என் கட்சி. அது தமிழர் ஒருவர் போட்ட திட்டம், அதில் சென்னைத் துறைமுகத்துக்கும் ஒரு வேடம் இருந்தது என்பதால் சொல்லவில்லை. போர்த் தந்திரம் என்ற அளவில் பார்த்தாலே அது உயர்ந்தது.

முதலில் வந்த கப்பல். எம்டன் என்றால் இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்தப் பெயர் நம் வீட்டுப் பேச்சில் புகுந்த கதையை நான் சொல்லப் போவதில்லை. அதை எல்லாப் பட்டிமன்றத்திலும் கேட்டிருப்பீர்கள். கப்பலைப் பார்ப்போம்.

ஜெர்மனியின் கிழக்காசியப் படைப்பிரிவு சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தில் இருந்தது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் அதன் தளபதி ஃபான் ஸ்பே மற்ற கப்பல்களோடு பசிபிக்கின் கிழக்கே போய்விட்டார். எம்டனை மட்டும் தனியே பிரித்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றும் 10.5 சென்டிமீட்டர். பெரிய போர்க்கப்பல்களோடு நேருக்கு நேர் நின்றால் பத்து நிமிடம் தாங்காது. வங்கக் கடலில் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகம் கூடக் கிடையாது. திரும்பிப் போகவும் வழியில்லை.

முல்லர் முதலில் செய்த வேலை ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டியது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. பிரிட்டிஷ் கப்பலான யார்மத்துக்கு நான்கு. துணியும் மரச்சட்டமும் வைத்து நான்காவதைக் கட்டிவிட்டால், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இது வெள்ளைக்காரன் கப்பல். வங்கக் கடலில் கல்கத்தா வழியில் போன சரக்குக் கப்பல்கள் பலவும் அதை நம்பின. செப்டம்பர் 10 முதல் 14 வரை ஐந்தே நாளில் ஆறு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. மூழ்கடிக்கும் முன் மாலுமிகளை இறக்கிப் பத்திரமாக வேறு கப்பலில் ஏற்றிவிடுவார் முல்லர். கபிங்கா என்ற கப்பலை அவர் மூழ்கடிக்கவே இல்லை. அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் கப்பலில் இருந்தார்கள். பிடித்து வைத்திருந்தவர்களை எல்லாம் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைக் கண்ணியமானவர் என்று எழுதின.

இங்கே ஒரு விஷயம் வடசென்னைக்காரர்களுக்குச் சீக்கிரம் புரியும். அந்தக் கப்பல் ஓடியது நிலக்கரியில். மார்க்கோமானியா என்ற ஒரு கரிக்கப்பல் கூடவே வந்தது. அது போதாது. அதனால் எம்டனின் வேட்டை முழுவதுமே ஒரு வகையில் கரி வேட்டை. செப்டம்பர் 10 அன்று வங்கக் கடலில் முதலில் பிடித்த பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலில் பல ஆயிரம் டன் இந்திய நிலக்கரி இருந்தது. ஆனால் நம் நாட்டுக் கரி புகை அதிகம், சாம்பல் அதிகம், சூடு குறைவு. புகை அதிகமானால் எதிரிக்கு இருக்குமிடம் தெரிந்துவிடும். பிறகு பிடித்த ப்யூரெஸ்கில் நல்ல வேல்ஸ் கரி கிடைத்தபோதுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. பிடித்த கரியை நடுக்கடலில், அலையில் ஆடும் இரண்டு கப்பல்களைச் சேர்த்துக் கட்டி, மூட்டை மூட்டையாக ஆட்கள்தான் மாற்றினார்கள். தளம், படுக்கை, சோறு எல்லாவற்றிலும் கரித்தூள். 2011இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நிற்கும் வரைக்கும் ராயபுரத்து மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. போர் வரலாற்றில் பீரங்கிக்காரனுக்குப் பதக்கம் கிடைக்கும். கரி அள்ளியவனுக்குக் குளிக்கத் தண்ணீர் கூடக் கிடைக்காது.

1914 செப்டம்பர் 22, இரவு சுமார் ஒன்பதரை மணி. சென்னை வழக்கம்போல விளக்கெரிய இருந்தது. அப்போது கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில். அது எரிந்து எதிரிக்கு வழிகாட்டியது. எம்டன் கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கஜ தூரத்தில் நின்று தேடுவிளக்கைப் போட்டது. துறைமுகத்தை ஒட்டி பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. அரை மணிக்கும் குறைவான நேரத்தில் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றிக்கொண்டன. மூன்றரை லட்சம் காலன் அளவுக்கு மண்ணெண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பல் அடிபட்டது. கரையிலிருந்து நம் பக்கத்துப் பீரங்கிகள் சில குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை. ஐந்து பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

போகும்போதும் ஒரு தந்திரம். விளக்குகள் கரைக்குத் தெரிய வடக்கே போவதுபோல் போக்குக் காட்டி, பிறகு விளக்கை அணைத்துத் தெற்கே திரும்பியது கப்பல். கிழக்குக் கரையை ஒட்டிப் போய் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போனது.

இதில் முல்லர் சாதித்தது என்ன? எண்ணெய்தான் கணக்கு என்றால், எரிந்தது கொஞ்சம். முல்லரே பிறகு தன் அறிக்கையில் காரணம் சொல்லியிருக்கிறார்: இந்திய மக்கள் கவனத்தைத் திருப்புவது, ஆங்கிலேய வியாபாரத்தைக் குலைப்பது, அவர்கள் மதிப்பைக் குறைப்பது. அது நடந்தது. மறுநாளே ரயிலடியில் கூட்டம். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்குப் போனார்கள். கப்பல் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பத் தயங்கின. கடலை ஆள்கிறோம் என்று சொன்னவன் ஊர் வாசலில் எரியும் எண்ணெயை அணைக்க முடியாமல் நின்றதை ஜனங்கள் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோஷம்தான் எம்டனை நம் ஊரில் கதாநாயகன் ஆக்கியது. செண்பகராமன் பிள்ளையே அந்தக் கப்பலில் இருந்து குண்டு போட்டார் என்ற பேச்சும் அதிலிருந்து பிறந்ததுதான். அவர் பெரிய தேசபக்தர், சந்தேகமில்லை. ஆனால் 1914இல் அவர் ஜூரிச்சில் இருந்து வேலை செய்தார், அக்டோபரில் பெர்லினுக்குப் போனார். அவர் எம்டனில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. அவர் பெருமைக்கு இந்தக் கதை தேவையும் இல்லை.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரின் கிழக்குப் பக்கத்தில் குண்டு பட்ட இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. போய்ப் பாருங்கள். சுவர் அடிபட்டதை நினைவுபடுத்தும் கல் அது. செத்தவர்கள் பெயர் அதில் இல்லை. வெள்ளைக்காரன் மூக்கு உடைந்ததில் நமக்கு வந்த மகிழ்ச்சியில், அந்த இரவு துறைமுகத்தில் கூலிக்கு நின்றவர்களை நாமும் மறந்துவிட்டோம்.

எம்டனின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் டியகோ கார்சியா தீவுக்குப் போனது. அங்கே போர் தொடங்கிய செய்தியே வந்து சேரவில்லை. தீவுக்காரர்கள் விருந்தாளிகளாக வரவேற்றார்கள், ஜெர்மன்காரர்கள் அவர்களுடைய மோட்டார் படகைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 28 அன்று பினாங்கில் அதே பொய்ப் புகைபோக்கியோடு புகுந்து ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க ஆள் இறக்கியது. அங்கே தந்தி நிலையத்தார் நான்காவது புகைபோக்கி போலி என்று கண்டுகொண்டார்கள். பிடிபடுவதற்கு முன் அன்னியக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று தந்தி அடித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் பக்கத்தில் இருந்தது. சில மணி நேரத்தில் எம்டன் தீவில் மோதி எலும்புக்கூடாக நின்றது. கரையிலிருந்த ஐம்பது பேர் மட்டும் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பி, அரேபியா வழியாகக் கான்ஸ்டான்டினோபிள் வரை போனது தனிக் கதை.

துணிப் புகைபோக்கியின் பலமும் பலவீனமும் இதுதான். கிட்டே வந்து உற்றுப் பார்ப்பவனிடம் அது செல்லாது. எதிரி கிட்டே வரவே முடியாத ஒரு பொய்யைக் கட்ட முடியுமா? அந்தக் கேள்விக்குத்தான் 1971இல் ஒருவர் பதில் கண்டார்.

நடுவில் 1942ஐத் தாண்டிப் போக முடியாது. ஆனால் வேகமாகத் தாண்டுகிறேன். ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, 9ஆம் தேதி திருகோணமலை. படையெடுப்பு சென்னைக்கு வருகிறது என்ற தகவலை நம்பி அரசாங்கம் ஊரைக் காலி செய்யச் சொன்னது. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. அலுவலகங்கள் உள்ளூர்களுக்குப் பிரிந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று பயந்து உயிர்க்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் படை வரவில்லை. யாரும் நம்மை ஏமாற்றவில்லை, ஆட்சியாளர்களே தங்களை ஏமாற்றிக்கொண்டார்கள். ஒரு வதந்தி ஒரு தலைநகரத்தைக் காலி செய்ய வைக்கும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தது. அப்போது பிரிட்டிஷ் இந்தியக் கடற்படையில் இளம் அதிகாரியாக இருந்தவர்களில் ஒருவர் நீலகண்ட கிருஷ்ணன். 1919இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1941இல் பாரசீக வளைகுடாவில் காட்டிய துணிச்சலுக்குப் பதக்கம் வாங்கியவர்.

1971இல், பாகிஸ்தானோடு போர் மூளவிருந்தபோது, அவர் வைஸ் அட்மிரல், விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படையின் தலைவர். அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் விக்ராந்த், அன்று நாட்டின் ஒரே விமானந்தாங்கிக் கப்பல். அதுவோ நோயாளி. நான்கு பாய்லரில் ஒன்றில் விரிசல். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். விரிசல் கண்ட பாய்லரை முழு அழுத்தத்தில் ஓட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று உங்களைக் கேட்க வேண்டியதில்லை. அதை நிறுத்திவிட்டு மற்ற மூன்றை வைத்துப் போருக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள். வேகம் குறைந்தது. விமானந்தாங்கிக்கு வேகம்தான் உயிர். கப்பல் காற்றுக்கு எதிராக ஓடினால்தான் தளத்தின் மேல் போதிய காற்று கிடைக்கும், விமானம் எழும்பும். கப்பல் மெதுவானால் இயற்கைக் காற்றை நம்ப வேண்டும். கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷும் அவருடைய விமானிகளும் அந்தக் காற்றை நம்பித்தான் பறந்தார்கள். கீழே பாய்லர் அறையில் நின்றவர்கள் மற்ற மூன்றையும் நம்பினார்கள். இந்தப் போரின் வீரம் எங்கே என்று கேட்டால், நான் முதலில் அந்த அறையைத்தான் காட்டுவேன்.

எதிர்ப்பக்கத்தில் காஸி. அமெரிக்காவின் டயாப்லோ என்ற நீர்மூழ்கி, 1964இல் பாகிஸ்தானுக்கு வந்தது. கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக் கடல் வரை வந்து போர் செய்யும் தூரம் போகக்கூடிய நீர்மூழ்கி அவர்களிடம் அது ஒன்றுதான். கமாண்டர் ஜாஃபர் முகம்மது கான் தலைமையில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு 1971 நவம்பர் 14 அன்று கராச்சியை விட்டுக் கிளம்பியது. இலக்கு விக்ராந்த். சொந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, துணைக்கு ஒரு கப்பலும் இல்லாமல், எதிரியின் துறைமுக வாசலுக்கு வருவது. 1914இல் முல்லர் செய்ததற்குக் கொஞ்சமும் குறைந்த துணிச்சல் இல்லை அது. எதிரி நாட்டான் என்பதற்காக அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

காஸி வருகிறது என்பது கிருஷ்ணனுக்குப் பிடிபட்டது. சிட்டகாங்குக்குப் போன தகவல்களில் நீர்மூழ்கிக்கான மசகு எண்ணெய் பற்றிய ஒரு விசாரிப்பைக் கேட்டது ஒரு துப்பு என்று அவரே பிறகு எழுதினார். அந்த வகை எண்ணெய்க்கு அங்கே வேறு யாருக்கும் வேலையில்லை. பலசரக்குக் கடைச் சீட்டைப் பார்த்தே வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதைச் சொல்லிவிடலாம், அதுபோல. அவர் அந்தச் சீட்டையே எதிரிக்குத் திருப்பிக் காட்டினார்.

நவம்பர் நடுவில் விக்ராந்தும் அதன் துணைக்கப்பல்களும் சத்தமில்லாமல் அந்தமான் பக்கம் போய் ஒதுங்கின. அந்த மறைவிடத்துக்கு ஒரு சங்கேதப் பெயர் மட்டும் வைத்திருந்தார்கள். பிறகு நாடகம் தொடங்கியது. சென்னையின் கடற்படைப் பொறுப்பதிகாரியைக் கிருஷ்ணன் டெலிபோனில் கூப்பிட்டார். விக்ராந்த் வருகிறது, துறையில் பெர்த் வேண்டும், உணவுப்பொருள் வேண்டும், இன்னின்ன ஏற்பாடு வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். அந்தக் காலத்து டிரங்க் கால். வழியில் எத்தனை காது இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். போர் மூளப் போகிற நேரத்தில் ஒரு அட்மிரல் இப்படி வெளிப்படையாகப் பேசுகிறாரே, புத்தி பேதலித்துவிட்டதா என்று அந்த அதிகாரி நினைத்தாராம். அவர் அப்படி நினைக்க வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் ஒரு பகுதிதான். ஏற்பாடு செய்பவனே நம்பினால்தான் ஒட்டுக் கேட்பவனும் நம்புவான்.

விசாகப்பட்டினத்தில் ஒப்பந்தக்காரர்களிடம் பெரிய கப்பல் கூட்டத்துக்கு வேண்டிய அளவு இறைச்சி, காய்கறி என்று ஆர்டர் போனது. கடைத்தெருவில் பேச்சுப் பரவியது. யாரையும் அடக்கவில்லை. மூப்படைந்த ஐ.என்.எஸ். ராஜ்புத் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த்போல வானொலியில் பேசச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சின்ன வேலை செய்தார்கள். விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி, உடம்பு சரியில்லாத தன் தாயாரின் நிலை என்ன என்று கேட்பதுபோல ஒரு சாதாரணத் தந்தி போனது. அம்மாவின் உடம்பை விசாரித்து ஒருவன் பொய் சொல்வான் என்று எந்த உளவாளிக்குத் தோன்றும்?

உலகம் முழுக்க மெச்சும் ஏமாற்றுகளில் இது நிற்கும். 1944இல் நார்மண்டிப் படையெடுப்புக்கு முன்னால் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இல்லாத ஒரு சேனையைக் காற்றடைத்த டாங்கிகளாலும் பொய் வானொலிப் பேச்சாலும் கட்டினார்கள். அதற்கு அவர்களிடம் பணமும் ஆளும் ஏராளம். கிருஷ்ணனிடம் ஒரு பழைய கப்பல், ஒரு டெலிபோன், கொஞ்சம் கறிக்கடை ஆர்டர். எம்டனின் நான்காவது புகைபோக்கியைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். கறிக்கடை ஆர்டரை நீருக்கடியில் இருப்பவன் எப்படிச் சரிபார்ப்பான்? பெரிஸ்கோப்பைத் தூக்கித் துறைமுகத்துக்குள் எட்டிப் பார்க்க அவன் வாசலுக்கே வர வேண்டும். வரவழைப்பதுதான் திட்டம்.

காஸி முதலில் சென்னைப் பக்கத்துக் கடலில் தேடியது, பிறகு விசாகப்பட்டினத்துக்குத் திரும்பியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவக் கடல். அந்த நாட்களில் ராயபுரம், காசிமேடு கரையிலிருந்து கட்டுமரம் தள்ளியவர்கள் வலை போட்ட கடலில், டார்பிடோக்களோடு ஒரு நீர்மூழ்கி யாரையோ தேடிக்கொண்டிருந்தது. நவம்பர் கடைசியில், விமானந்தாங்கி விசாகப்பட்டினத்தில் இருப்பதாக உளவுத் தகவல், அங்கே போ என்று கராச்சியிலிருந்து அதற்கு உத்தரவு போனது. பொய் வேலை செய்துவிட்டது.

டிசம்பர் 3 மாலை போர் தொடங்கியது. நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே பெரும் வெடிச் சத்தம், ஊரில் ஜன்னல்கள் அதிர்ந்தன. காலையில் மீனவர்கள் மிதந்த சாமான்களைக் கண்டு சொன்னார்கள். காஸி தன் ஆட்கள் அனைவரோடும் மூழ்கியிருந்தது. ராஜ்புத் வெளியே போகும்போது வீசிய ஆழ வெடிகுண்டுகளால் என்பது இந்தியத் தரப்பு. அது தானே விதைத்த கண்ணிவெடியால் என்பது பாகிஸ்தான் தரப்பு. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. இரண்டில் எது உண்மையானாலும் காஸி அங்கே வந்தது இல்லாத கப்பலைத் தேடி. அதற்கு மேல் கிருஷ்ணன் கேட்டிருக்கவும் மாட்டார்.

4ஆம் தேதியிலிருந்து விக்ராந்தின் ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கிழக்கே கடல் வழி அடைபட்டது. 16ஆம் தேதி டாக்காவில் சரணடையும் பத்திரத்தில் பாகிஸ்தான் தளபதி நியாசி கையெழுத்துப் போட்டபோது, பக்கத்தில் நின்ற அதிகாரிகளில் கிருஷ்ணனும் ஒருவர். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் வெள்ளைக் கடற்படை உடையில் நிற்பவர் யார் என்று நம் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

இப்போது ஒரு கோரிக்கை, இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு. அட்மிரல் எழுதியது புத்தகமாகக் கிடைக்கிறது. துறைமுகத்தின் பக்கக் கதை எங்கும் எழுதப்படவில்லை. அந்த டெலிபோன் அழைப்புக்குப் பின் சென்னையில் உண்மையிலேயே பெர்த் காலி செய்து வைத்தார்களா? அரிசியும் காய்கறியும் வந்து இறங்கியதா, இறங்கியது என்றால் யார் தலையில் கட்டினார்கள்? கப்பல் வரவில்லை என்று தெரிந்தபோது மேஸ்திரிகள் என்ன பேசிக்கொண்டார்கள்? 1971இல் இருபது வயதில் துறைமுகத்தில் சேர்ந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். பலர் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும்தான் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு இந்த மழைக்காலம் முடிவதற்குள் போய் உட்காருங்கள். மற்றதை அவர்கள் சொல்வார்கள்.